கேலிக்குள்ளான உச்சரிப்பு: 'குட்னஸ் கிரேஷியஸ் மீ' குறித்துச் சில எண்ணங்கள்

1960இல் வெளிவந்த 'தி மில்லியனரஸ்' திரைப்படத்தில் ஆங்கிலேய நடிகர் பீட்டர் செல்லர்ஸ் பழுப்புச் சாயம் பூசி இந்திய மருத்துவராக நடித்தார். படத்தின் விளம்பரத்திற்காக அவரும் சோஃபியா லாரனும் பாடிய 'குட்னஸ் கிரேஷியஸ் மீ' என்ற பாடல் பிரிட்டனில் பெருவெற்றி கண்டது. அதன் நகைச்சுவை பெரிதும் ஓர் உச்சரிப்பையே நம்பியிருந்தது. நாளடைவில் அச்சொற்றொடர் ஆசியரைச் சீண்டும் வாய்ப்பாடாயிற்று. 1974 முதல் 1981 வரை பிபிசி ஒளிபரப்பிய 'இட் ஏன்ட் ஹாஃப் ஹாட் மம்' தொடரிலும், ரங்கி ராம் என்னும் இந்தியப் பாத்திரத்தை ஏற்றவர் சாயம் பூசிய ஆங்கிலேயரான மைக்கேல் பேட்ஸே.

இப்பின்னணியில்தான் சஞ்சீவ் பாஸ்கர், மீரா சியால், குல்விந்தர் கிர், நீனா வாடியா ஆகியோர் 1996இல் வானொலியிலும் 1998இல் பிபிசி தொலைக்காட்சியிலும் தங்கள் நகைச்சுவைத் துணுக்குக் காட்சிகளைத் தொடங்கினர். முதலில் எண்ணிய தலைப்பு 'பீட்டர் செல்லர்ஸ் இறந்துவிட்டார்' என்பது. இறுதியில் அவரது பாடலின் பெயரையே எடுத்துக்கொண்டனர். சீண்டப் பயன்பட்ட சொல் சீண்டப்பட்டோரின் உடைமையாயிற்று.

அந்நிகழ்ச்சியின் புகழ்பெற்ற காட்சியொன்றில், பம்பாய் நண்பர்கள் சிலர் குடித்துவிட்டு ஆங்கிலேய உணவகம் ஒன்றிற்குச் செல்கின்றனர். இருப்பதிலேயே உப்புச்சப்பற்ற உணவு எது என்று கேட்கின்றனர். பரிமாறும் ஜேம்ஸின் பெயரைச் சிதைத்து அழைக்கின்றனர். வெள்ளிக்கிழமை இரவுகளில் பிரிட்டனின் இந்திய உணவகங்களில் நிகழ்வதன் தலைகீழ் வடிவம் இது. மொழியியலில் இயல்பெனக் கொள்ளப்படுவதைக் குறியற்ற வடிவம் என்றும், அதனின்று விலகுவதைக் குறியுற்ற வடிவம் என்றும் கூறுவோம். இக்காட்சியில் இந்திய உச்சரிப்பு குறியற்றதாகிறது. 'ஜேம்ஸ்' என்ற எளிய பெயரே அயலானதாக ஒலிக்கிறது. உச்சரிப்பு மாறவில்லை, அதை அளக்கும் இடமே மாறியது. தங்களைக் 'கூப்பர்' என அறிமுகப்படுத்திக்கொள்ளும் கபூர் குடும்பத்தாரை நையாண்டி செய்தபோது, அக்குழுவினர் தம் சமூகத்தையும் விட்டுவைக்கவில்லை.

எனினும் இத்தகைய தலைகீழாக்கம் எப்போதும் கைகொடுக்கும் எனச் சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் 2003இல் தொடங்கிய தம் துணுக்குக் காட்சித் தொடரில் கறுப்பினத்தவர் குறித்த வார்ப்புகளை டேவ் சாப்பல் மிகைப்படுத்திக் காட்டிப் பகடி செய்தார். 2005இல், தொடர் புகழின் உச்சியில் இருந்தபோதே விலகினார். முகத்தில் கரி பூசி நடித்த ஒரு காட்சியின் படப்பிடிப்பில் ஒருவர் சிரித்த விதம் தம்மை உறுத்தியதாகப் பின்னர் அவரே கூறினார். வார்ப்பைக் கேலி செய்த காட்சியை, வார்ப்பையே ரசித்தும் ஒருவர் சிரிக்கக்கூடும்.

இனம் சார்ந்த நகைச்சுவையின் வரலாற்றை எழுத முற்படும் நாம் பெரும்பாலும் பனுவலையே ஆராய்கிறோம்; எழுதியவர் யார், நடித்தவர் யார் என்று கேட்டு அமைகிறோம். சிரித்தவர் யார், எதற்குச் சிரித்தார் என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே. சாப்பல் விலகக் காரணமான அச்சிரிப்பு எந்தப் பனுவலிலும் பதிவாகியிருக்காது.