பனிநிலம் விட்டு மீண்டவர்கள்

துருவப் பயணங்களின் வரலாற்றைக் கப்பல் துறைமுகம் சேர்வதோடு முடித்துவிடுவது நம் வழக்கம். பல்லாண்டுகள் மாணவர்க்கு வரலாறு பயிற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன், நேயர்களே: நம் பாடநூல்களும் அவ்வாறே முடிகின்றன. கரையில் இறங்கியவன் அதன் பின் எவ்வாறு வாழ்ந்தான் என்பதை அவை கேட்பதில்லை.

நார்வே நாட்டு ஜோஹான்சனை எடுத்துக்கொள்வோம். 1895-ல் நான்சென் என்னும் அறிஞருடன் பனிக்கடலின் மீது நடந்து, அதுவரை எவரும் எட்டாத வட அகலாங்கு 86 பாகையைக் கடந்தவர் அவர். கல்லடுக்கி, வால்ரஸ் தோல் வேய்ந்த குடிலில், கரடி இறைச்சியுண்டு இருவரும் ஒரு குளிர்காலத்தைக் கழித்தனர். 1896-ல் இருவரும் நாடு திரும்பினர். நான்சென் பேராசிரியரானார், பின்னாளில் நோபெல் பரிசும் பெற்றார். ஜோஹான்சனோ பணியில் நிலைகொள்ளாமல் குடிக்கு ஆளானார். அமுண்ட்சனின் தென்துருவக் குழுவில் சேர்ந்தும், தலைவரோடு முரண்பட்டதால் துருவத்தை அடைந்த ஐவருள் இடம்பெறவில்லை. 1913 ஜனவரியில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

ஆங்கிலேயரான செர்ரி-காரர்டின் துன்பம் வேறு வகை. ஸ்காட் குழுவின் மிக இளையோருள் ஒருவர் அவர். 1911-ல், கதிரவன் தோன்றாத குளிர்காலத்தில், வில்சன், பவர்ஸ் என்னும் தோழர்களோடு பெங்குவின் முட்டைகளைத் தேடி ஐந்து வாரம் அலைந்தார். குளிர் பூஜ்யத்திற்குக் கீழே 60 பாகை சென்டிகிரேடு வரை சென்றது. அத்தோழர் இருவருமே பின்னர் ஸ்காட்டுடன் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் மாண்டனர்.

அவர்களை எதிர்கொள்ள 1912 மார்ச்சில் நாய்வண்டியுடன் சென்றவர் இதே செர்ரி-காரர்டுதான். ஒரு டன் கிடங்கு எனப்பட்ட உணவுச் சேமிப்பிடத்தில் ஆறு நாள் காத்திருந்தார். பனிப்புயல் வீசியது, அவருக்கோ கிட்டப்பார்வை, நாய்களைப் பணயம் வைக்கலாகாது என்பது கட்டளை. 10-ஆம் தேதி திரும்பிவிட்டார். நவம்பரில் கூடாரத்தைக் கண்டுபிடித்தபோது, அது அக்கிடங்கிற்கு 11 மைல் தெற்கே இருந்தது.

நான் அறிந்தவரை அவர்மீது குற்றமில்லை. அவர் திரும்பிய நாளில் ஸ்காட் குழுவினர் ஐம்பது மைலுக்கும் அப்பால் இருந்தனர். இவ்விடையை அவரும் அறிவார். அறிந்தும் அவ்வினா ஓயவில்லை. செல்வத்திற்குக் குறைவில்லை, அண்டை வீட்டாரான பெர்னார்ட் ஷா ஊக்கமூட்டினார், 1922-ல் அவர் வெளியிட்ட பயண நூல் பெரும்புகழ் ஈட்டியது. ஆயினும் மனச்சோர்வு மீண்டும் மீண்டும் வந்து அவரைக் கிடத்தியது. அவர் பேச விரும்பிய இருவரும் பனிக்குள் அல்லவா கிடந்தனர்? 1959-ல் அவர் மறைந்தார்.

பனிநிலையத்தில் வேலையும் தோழரும் உணவு வேளையும் அளந்து வைத்தவை. அங்கிருந்து மீள்பவனுக்குத் தெருவின் இரைச்சலே மிகை. கடையில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பதும் சுமை. மனைவி மக்களோ அவனில்லாமல் வாழப் பழகியிருப்பர். அன்றைய தலைவர்கள் பிஸ்கோத்தையும் நாய்களையும் எண்ணி ஏற்றிச் சென்றனர். திரும்பிய பின் வரும் மாதங்களுக்கு ஏதும் எண்ணி வைக்கவில்லை. 1957-58 சர்வதேசப் புவிபௌதிக ஆண்டையொட்டிப் பல நிலையங்கள் அமைந்த பிறகே உளவியலார் இத்துறையில் முறையாக இறங்கினர்.

ஸ்காட் குழுவில் டாம் கிரீன் என்ற அயர்லாந்து மாலுமியும் இருந்தார். தன்னந்தனியே 35 மைல் நடந்து ஓர் அதிகாரியின் உயிரைக் காத்தவர். ஓய்வு பெற்றபின் தம் சிற்றூரில் தென்துருவ விடுதி என்ற பெயரில் மதுக்கடை நடத்தினார். பிரிட்டிஷ் கடற்படையில் பணியாற்றியதை அயர்லாந்தில் உரக்கச் சொல்ல இயலாத காலம் அது. கடையின் பெயர்ப்பலகையில் துருவம் இருந்தது; 1938-ல் மறையும்வரை அவர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.