இலகுரக பயண டிரெய்லர் வாங்குகிறீர்களா? கட்டுமானத் தரத்தைக் கணிக்கும் வழிகள்

மும்பை:

கேரவன் சுற்றுலாவை ஊக்குவிக்க மகாராஷ்டிரம், கேரளம் ஆகிய மாநிலங்கள் 2021-ஆம் ஆண்டு தனித்தனிக் கொள்கைகளை அறிவித்தன. கேரவன்களில் இரு வகைகள் உண்டு. எஞ்சினும் ஓட்டுநர் இருக்கையும் கொண்டது மோட்டார் கேரவன். எஞ்சின் இன்றி, கார் அல்லது ஜீப்பின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லப்படுவது பயண டிரெய்லர்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று டிரெய்லருடன் திருநெல்வேலிக்குப் புறப்பட்டால், சயான்-பன்வேல் நெடுஞ்சாலையில் தொடங்கி, கண்டாலா மலைப்பாதை, பெங்களூரு, சேலம், மதுரை என 1,500 கிலோமீட்டருக்கும் மேல் செல்ல வேண்டும். அத்தனை தொலைவின் அதிர்வையும் மழையையும் தாங்குமா என்பதை வாங்கும் முன்பே அறிவது அவசியம்.

எடைக் கணக்கு

முதலில் பார்க்க வேண்டியது காரின் இழுவைத் திறன். வாகனக் கையேட்டில் அது குறிப்பிடப்படவில்லை என்றால், தயாரிப்பு நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெற வேண்டும்.

அடுத்து, டிரெய்லரின் வெற்று எடைக்கும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடைக்கும் உள்ள வித்தியாசம். உதாரணமாக, வெற்று எடை 600 கிலோ, மொத்த எடை 750 கிலோ என்றால் ஏற்றக்கூடிய சுமை 150 கிலோ மட்டுமே. 60 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் அதிலேயே 60 கிலோ போய்விடும். எஞ்சிய 90 கிலோவுக்குள் அடுப்பு, மின்கலம், படுக்கை, பாத்திரம், உடைமைகள் அனைத்தும் அடங்க வேண்டும். 'இலகுரகம்' என்ற சொல்லை மட்டும் நம்பாமல், எடைமேடையில் ஏற்றிச் சரிபார்ப்பது நல்லது.

அடிச்சட்டம்

டிரெய்லரின் ஆயுளைத் தீர்மானிப்பது அடிச்சட்டமே. டார்ச் விளக்குடன் கீழே குனிந்து பார்க்க வேண்டும். வெல்டிங் சீராகவும் இடைவெளியின்றியும் இருக்க வேண்டும். விட்டுவிட்டு வைக்கப்பட்ட புள்ளி வெல்டிங், வளைவு, விரிசல், தேவையற்ற துளைகள் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். மும்பையின் உப்புக் காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். ஆகவே துத்தநாகப் பூச்சு பெற்ற சட்டம் சிறந்தது. பழைய டிரெய்லரின் அடிப்பகுதி மட்டும் புதிதாகக் கறுப்புப் பூச்சு பெற்றிருந்தால், அதற்கான காரணத்தைக் கேட்க வேண்டும்.

சுவரும் கூரையும்

சுவர்கள் பொதுவாக மூன்று முறைகளில் கட்டப்படுகின்றன. மரம் அல்லது உலோகச் சட்டத்தின் மீது அலுமினியத் தகடு பொருத்துவது பழைய முறை. இதில் பழுது பார்ப்பது எளிது. ஆனால் மூட்டுகள் அதிகம் என்பதால் நீர்க்கசிவு வாய்ப்பும் அதிகம். இரு ஃபைபர் தகடுகளுக்கு இடையே நுரைப் பலகையை ஒட்டும் முறையில் எடை குறையும், வெப்பமும் தடுக்கப்படும். எனினும் உள்ளே ஈரம் புகுந்தால் ஒட்டு விட்டுப்போகும். மூன்றாவது, மேல், கீழ் என இரு பாதிகளாக வார்க்கப்பட்ட ஃபைபர் கூடு. 1968-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் உருவான 'போலர்' டிரெய்லர் இம்முறைக்குப் பெயர் பெற்றது. மூட்டுகள் குறைவு என்பதே இதன் பலம்.

எம்முறையாயினும், சுவரைப் பக்கவாட்டில் இருந்து வெளிச்சத்தில் நோக்க வேண்டும். அலை போன்ற மேடு பள்ளமோ கொப்புளமோ தெரிந்தால் ஒட்டு விட்டிருக்கலாம். விரலால் தட்டும்போது ஓர் இடத்தில் மட்டும் ஓசை மாறுவதும் அதன் அறிகுறியே. கதவருகே தரை அமுங்கினால் பலகை இற்றுப்போயிருக்கக்கூடும். தரைக்கு ஐ.எஸ். 710 முத்திரை கொண்ட மரைன் பிளைவுட் ஏற்றது.

நீர்ச் சோதனை

ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் நகரம் மும்பை. கதவு, ஜன்னல்களை மூடி, குழாய் மூலம் கூரை மூட்டுகள் மீதும் ஜன்னல் ஓரங்களிலும் 15 நிமிடமாவது நீர் பாய்ச்சச் சொல்ல வேண்டும். பின்னர் அலமாரி மூலைகளிலும் மெத்தைக்கு அடியிலும் காகிதத்தை ஒற்றிப் பார்க்கலாம். உள்ளே நறுமணத் தெளிப்பின் வாசனை மிகுந்திருந்தால், பூஞ்சை வாடையை மறைக்கும் முயற்சியாகவும் இருக்கலாம். மழைக்காலத்திலேயே பார்வையிடச் செல்வது இன்னும் பயனுள்ளது.

பாதுகாப்பு அம்சங்கள்

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இணைப்புக் கொக்கியின் மீது இறங்க வேண்டும் என்பது வட அமெரிக்காவில் பின்பற்றப்படும் அளவுகோல். இது குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடும். மலை இறக்கத்தில் இது உயிருக்கே ஆபத்தாகலாம். தனி பிரேக், பாதுகாப்புச் சங்கிலி, பிரேக் மற்றும் திசை விளக்குகள் ஆகியவற்றை ஓட்டிப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். '2324' என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. எனவே சிலிண்டர் அறை உட்புறத்திலிருந்து தனியே அடைக்கப்பட்டு, அதன் தரைமட்டத்தில் வெளிப்புறக் காற்றுத்துளை இருக்க வேண்டும். மின்கம்பிகள் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி ஃபியூஸ் கொண்டிருப்பது அவசியம்.

ஆவணங்கள்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி டிரெய்லரும் வாகனமே. அதற்குத் தனிப் பதிவு தேவை. மத்திய மோட்டார் வாகன விதி 126-இன் கீழ் பெற்ற ஒப்புதல் சான்றைத் தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டும். அச்சான்று இல்லாவிட்டால், கட்டுமானம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பதிவு பெறுவது கடினம். சட்டத்தின் 52-ஆவது பிரிவு பதிவுக்குப் பிந்தைய மாற்றங்களையும் கட்டுப்படுத்துகிறது.

நெருக்கமான குடியிருப்புப் பகுதிகளில் நிறுத்துமிடம் மற்றொரு கேள்வி. டிரெய்லரின் நீளத்தையும் சந்தின் அகலத்தையும் அளந்த பிறகு முன்பணம் கொடுப்பதும், ஆவணங்கள் கைக்கு வந்த பிறகு முழுத்தொகை செலுத்துவதும் இழப்பைத் தவிர்க்க உதவும்.