உஷா உதுப்

பாப், ஜாஸ், திரைப்பாடகி. பிறப்பு 1947, பம்பாய். தமிழ்க் குடும்பத்துப் பெண். தந்தை காவல்துறை அதிகாரி. பைகுலாவில் வளர்ந்தார். கத்தோலிக்கப் பள்ளி, அக்கம்பக்கத்தில் முஸ்லிம் குடும்பங்கள், வீட்டு வானொலியில் கர்நாடக இசையோடு மேற்கத்தியப் பாட்டும் இந்துஸ்தானியும்: காதில் விழுந்ததெல்லாம் பாடமாயிற்று. முறையான பயிற்சி கிடையாது. கட்டைக் குரல் சரிப்படாதென்று பள்ளி இசை வகுப்பிலிருந்து விலக்கப்பட்டவர்; பின்னாளில் அந்தக் குரல்தான் அவர் முகவரி.

1969இல் சென்னை அண்ணா சாலை சஃபையர் திரையரங்க வளாகத்தின் ‘நைன் ஜெம்ஸ்’ இரவு விடுதியில் பட்டுப்புடவை, பொட்டு, மல்லிகையோடு மேடையேறி ஆங்கிலப் பாட்டுப் பாடினார். விடுதிப் பாடகி என்றாலே கவுன் என்றிருந்த நாளில் இது சிறு கலகம். பிறகு கல்கத்தாவின் ‘டிரிங்காஸ்’ விடுதி; கணவர் கேரளத்தவர், குடியேறியது வங்காளத்தில்.

பதினைந்துக்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில் பாடியுள்ளார். தமிழ்த் திரையுலகம் அவரைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. ‘அஞ்சலி’யில் (1990) இளையராஜா இசையில் பாடினார், ‘மன்மதன் அம்பு’வில் (2010) நடித்தார். பத்மஸ்ரீ 2011, பத்மபூஷண் 2024.