ஒரு பாதைக்கு ஒரு வில்லை

ஓர் உறையில் இரு வாள் தங்கா என்பர் பெரியோர். மேசைக் கணினியில் இயங்கும் நிரல்கள் சிலவற்றிற்கும் இவ்விதி பொருந்தும். கணக்கேடு ஒன்றைப் பேணும் நிரல் திறக்கச் சற்றுத் தாமதித்தால், பொறுமையிழந்தவர் அதனை மீண்டும் ஒருமுறை திறந்துவிடுகின்றார். ஒரே நிரலின் இரு பிரதிகள் ஒரே ஏட்டைக் கையிலெடுக்கின்றன. முதற்பிரதி பதிந்த திருத்தத்தை, பழைய பக்கத்தையே வைத்திருக்கும் இரண்டாம் பிரதி அழித்தெழுதிவிடுகின்றது. அழிந்தது அவ்வேளையில் எவருக்கும் தெரிவதில்லை. இதையொத்த சிக்கல், கணினி தோன்றுமுன்னரே புகையிரதப் பாதையில் மனித உயிர்களைப் பலிகொண்டது.

1874 ஆம் ஆண்டு செப்டெம்பர் 10 ஆம் நாள் இரவு, இங்கிலாந்தின் நோர்விச் நகருக்கு அண்மையிலுள்ள தோர்ப் என்னுமிடத்தில், ஒற்றைப் பாதையில் இரு புகையிரதங்கள் நேருக்குநேர் மோதின. 25 பேர் மாண்டனர். இரு நிலையங்களும் தந்தி மூலமே அனுமதி பெற்று வண்டிகளை விடுத்துவந்தன. ஒரு முனையிலிருந்து வண்டி புறப்பட்டது. மறுமுனை வண்டிக்கும் வரலாமெனத் தவறாகச் செய்தி சென்றுவிட்டது. அதனை மீளப்பெற முயன்றபோது, அவ்வண்டியும் புறப்பட்டுவிட்டது.

இவ்விபத்தின் பின்னர், 1878 இல் எட்வர்ட் டயர் என்பார் புதிய சாதனமொன்றை அமைத்தார். இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருந்தன. ஒன்றிலிருந்து ஓர் உலோக வில்லையை எடுத்துவிட்டால், அது ஏதேனும் ஒரு பெட்டிக்குத் திரும்பும்வரை வேறொரு வில்லையை எங்கும் எடுக்கவியலாது. வில்லை கையிலில்லாத சாரதி அப்பாதையில் நுழையலாகாது. இலங்கையின் மலைநாட்டுப் புகையிரதப் பாதையிலும் இம்முறை நெடுங்காலம் கையாளப்பட்டது.

கணினியுலகிலும் முதலில் தோன்றும் எண்ணம் எளிதே: அடையாளம் உண்டா எனப் பார், இல்லையேல் ஒன்றை இடு. ஆயின் இரு பிரதிகள் ஒரே கணத்தில் பார்த்தால், இரண்டும் இல்லையென்றே காணும். இரண்டும் உள்ளே நுழையும். பார்த்தலுக்கும் இடுதலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியே ஆபத்து. இச்சிக்கலை ஒல்லாந்து நாட்டுப் பேரறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஆராய்ந்தார். அந்நாட்டுக் கணித அறிஞர் டெக்கர் இரு செயல்களுக்குத் தீர்வு கண்டிருந்தார். எத்தனை செயல்களுக்கும் ஏற்ற தீர்வை டைக்ஸ்ட்ரா 1965 இல் வெளியிட்டார். அக்காலப்பகுதியில் தாம் வகுத்த மற்றுமொரு சாதனத்திற்குப் புகையிரதக் கைகாட்டியின் பெயராகிய செமபோர் என்பதையே அவர் சூட்டினார்.

1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் தொடங்கிய யுனிக்ஸ் முறைமையின் வழிவந்த நிரலாளர், பூட்டுக்கோப்பு என்னும் உபாயத்தைக் கையாண்டனர். கோப்பு இல்லையெனில் மட்டுமே அதனை உண்டாக்குவது பிளவுபடாத ஒரே செயலாக அமைந்தது. எனினும் மின்சாரம் திடீரெனத் தடைப்பட்டால் கோப்பு எஞ்சிநிற்கும்; மறுநாள், இயங்கும் பிரதி எதுவும் இல்லாதபோதும் நிரல் திறக்க மறுக்கும். இறந்தவன் கையில் வில்லை அகப்பட்ட நிலை அது.

மைக்ரோசொப்ட் நிறுவனம் 1985 இல் வெளியிட்ட விண்டோஸில், முந்திய பிரதி இயங்குகின்றதா என்பதை முறைமையே தொடங்கும் நிரலுக்கு ஒரு குறியெண்ணால் அறிவித்தது. 1993 இல் வந்த விண்டோஸ் என்டி ஒவ்வொரு நிரலுக்கும் தனி நினைவகப் பரப்பை வகுத்தது. அம்முறைமைக்கென மாற்றியெழுதப்பட்ட நிரல்களுக்கு அக்குறியெண் எப்பொழுதும் வெறுமையாகவே வந்தது. அதனை மட்டும் நம்பிய காவல் பயனற்றுப்போயிற்று. அவ்விடத்தை நிரப்பியவற்றுள் ஒன்று பெயரிடப்பட்ட மியூடெக்ஸ். முதற்பிரதி அதனைக் குறித்த பெயரில் உண்டாக்கும். இரண்டாம் பிரதி அப்பெயரைக் கேட்டால், ஏற்கெனவே உண்டு என விடை வரும். நற்பண்புள்ள நிரலாயின், முன்னையதன் சாளரத்தை முன்னே கொணர்ந்துவிட்டுத் தான் விலகிக்கொள்ளும். அதனை வைத்திருந்த பிரதி இடையில் மடிந்தாலும், முறைமையே அதனை நீக்கிவிடும்.

மனிதரின் கவனத்தை மட்டும் நம்பியிருந்தவரை தோர்ப்பின் ஆபத்து நீங்கவில்லை. கேட்டலும் பெறுதலும் ஒரே செயலாக ஆனபொழுதே பாதை காவல் பெற்றது. கணக்கேட்டைக் காப்பதும் அவ்விதியே.