கணவன் மனைவி பிணக்கு: இரு நடுவர்களின் வேலை என்ன?

கணவன் மனைவிக்கிடையே பிணக்கு முற்றிவிட்டால் நம் குடும்பங்களுக்கு இரண்டு வழிதான் தெரிகிறது. ஒன்று தலாக், மற்றொன்று வக்கீல். இவ்விரண்டுக்கும் முன்பாகத் திருக்குர்ஆன் ஒரு வழியை வைத்திருக்கிறது. பிளவு வந்துவிடும் என்று அஞ்சினால் கணவன் குடும்பத்திலிருந்து ஒருவர், மனைவி குடும்பத்திலிருந்து ஒருவர் என இரு நடுவர்களை ஏற்படுத்தச் சொல்கிறது 4:35 வசனம். அச்சம் தோன்றும்போதே செய்ய வேண்டியது இது. நம்மிடமோ, பெண் தாய்வீடு வந்து ஓராண்டு, ஈராண்டு கழித்து, இரு வீட்டாரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத நிலையில்தான் வருகிறார்கள்.

இந்த நடுவரை அரபியில் 'ஹகம்' என்பர். இவர்களுக்குப் பிரித்துவைக்கும் அதிகாரம் உண்டா? உண்டு என்பது மாலிகி மத்ஹபின் நிலைப்பாடு. ஹனஃபி மத்ஹபிலும், ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்திலும் அவர்கள் இரு தரப்பின் பிரதிநிதிகள் மட்டுமே. தம்பதியர் பொறுப்பை ஒப்படைக்காமல் பிரித்துவைக்க முடியாது. தமிழகத்தில் நாம் பின்பற்றுவது பெரும்பாலும் இவ்விரு மத்ஹபுகளைத்தான்.

சமரசத்தின் எல்லை எதுவென்பதை பரீரா (ரலி) அவர்களின் நிகழ்ச்சியிலிருந்து அறியலாம். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதும், அடிமையாகவே இருந்த கணவர் முகீஸுடன் வாழ்வதா, பிரிவதா என்று முடிவு செய்யும் உரிமை அவருக்குக் கிடைத்தது. அவர் பிரிந்தார். முகீஸ் மதீனத்து வீதிகளில் தாடி நனைய அழுதபடி அவர் பின்னால் திரிந்தார். மனமிரங்கிய நபி (ஸல்) அவர்கள், அவரிடம் திரும்பிச் செல்லலாமே என்றார்கள். "இது கட்டளையா?" என்று பரீரா கேட்டார். பரிந்துரைதான் என்றதும், அவர் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. அல்லாஹ்வின் தூதரே பரிந்து பேசியும் ஒரு பெண் மறுக்க முடிந்தது. அதற்காக அவரை யாரும் குறை சொல்லவில்லை.

நம் பஞ்சாயத்துகளில் நடப்பது என்ன? பெண் உள்ளே இருப்பார். வாப்பாவோ காக்காவோ பேசுவார். கடைசியில் "பொறுத்துப் போம்மா" என்பார்கள். அவர் வாயால் ஒரு சொல் கேட்காமல் முடித்ததைச் சமரசம் என்று எப்படிச் சொல்வது? அடி உதை நடந்திருந்தால் முதலில் அவருடைய பாதுகாப்புக்கு வழி செய்ய வேண்டும். பேச்சு அதற்குப் பிறகுதான். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் முஸ்லிம் பெண்களுக்கும் பொருந்தும்.

நாட்டுச் சட்டமும் சமரச முயற்சியைக் கேட்கிறது. தக்க காரணமும், இரு தரப்பு நடுவர்களின் சமரச முயற்சியும் இல்லாத தலாக் செல்லாது என்று 2002இல் ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக், 2019 சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஜமாஅத்துகளும் தம் எல்லையை அறிய வேண்டும். ஃபத்வா யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்றது உச்ச நீதிமன்றம் (2014). காஜி தரும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்துதான் என்றது சென்னை உயர் நீதிமன்றம் (2017). ஆக, ஜமாஅத் சேர்த்துவைக்கப் பேசலாம், நீதிமன்றமாகிவிட முடியாது.

வழக்குப் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, நீதிபதியே முதலில் இணக்கத்துக்கு முயல வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 முதல் சமரச மையம் இயங்குகிறது.

நடுவராகக் குடும்பத்தில் சத்தமாகப் பேசுபவரைத் தேடாதீர்கள். ரகசியம் காப்பவரைத் தேடுங்கள். அவர் முதலில் இருவரிடமும் தனித்தனியே பேசட்டும். சேர்ந்தாலும் பிரிந்தாலும் மஹர், நகை, பிள்ளைகள், செலவு என ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கவே கூடாது. எழுதியதை இருவருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட வேண்டும். இருக்கும் ஒரே பிரதியை ஜமாஅத் பீரோவில் வைத்துப் பூட்டுவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. பின்னாளில் அதைக் கேட்டு அலைவது பெரும்பாலும் பெண்தான்.