இரவிகுளத்துப் புல்வெளி

மூணாற்றுக்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில் இரவிகுளம் என்னும் புல்வெளி பரந்து கிடக்கிறது. தென்னாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி, 2,695 மீட்டர் உயரத்தில், அதன் தென்பால் நிற்கிறது. மேடெங்கும் புல், பள்ளங்களில் சோலை. அச்சோலையின் தமிழ்ப் பெயரையே உலக அறிவியலாரும் ஷோலா என்று வழங்குகின்றனர்.

நீலகிரியில் இத்தகைய புல்வெளிகளைப் பாழ்நிலம் என்று கருதிச் சீகையும் கற்பூர மரமும் நட்டனர், புல் மறைந்தது. இரவிகுளம் மட்டும் எவ்வாறு பிழைத்தது?

1877இல் பூஞ்சாற்று அரசரிடமிருந்து மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளை உரிமையாகப் பெற்றார். தாழ்ந்த சரிவுகளில் தேயிலை தழைத்தது. மேல்வெளியைத் தோட்டத் துரைமார் தம் வேட்டைக்கென ஒதுக்கிக்கொண்டனர். வேட்டை நிலைக்க வேண்டுமானால் விலங்கு நிலைக்க வேண்டுமல்லவா? ஆகவே வேட்டைக்கு வரம்பு வகுத்து, முதுவர் குடியினரைக் காவலராக்கினர். மலையின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்த அம்மக்களின் உழைப்பை நாம் மறத்தலாகாது.

1971இல் கேரள அரசு சட்டம் இயற்றி, கம்பெனியின் பயிரிடப்படாத நிலங்களை மீட்டது. உழுவதற்குப் பங்கிடுவதா, உயிர்களுக்கு விடுவதா என்னும் வினா எழுந்தது. 1975இல் அது சரணாலயமாயிற்று. 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. அதன் பரப்பு 97 சதுர கிலோமீட்டர்.

அம்முடிவின் பயனை இன்று காண்கிறோம். உலகில் எஞ்சியுள்ள வரையாடுகளின் மிகப் பெரிய கூட்டம் இங்கேதான் மேய்கிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இவ்வரையாடே. செங்குத்தான பாறையே அதற்கு அரண். அருகிலுள்ள புல்லே அதற்கு உணவு. புல்லின்மேல் மரம் மூடினால் ஆடு எங்கே போகும்? குட்டி ஈனும் காலத்தில் ஆண்டுதோறும் பூங்காவின் வாயில் மூடப்படுகிறது.

பாறையிடுக்குகளில் காசித்தும்பை இனங்கள் மலர்கின்றன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி மலைச்சரிவை நீலமாக்குகிறது. ஒருமுறை பூத்து, விதையுதிர்த்து, செடி மடிந்துவிடும். 2006இலும் 2018இலும் பூத்த குறிஞ்சியை 2030இல் மீண்டும் எதிர்பார்க்கலாம். மலைநிலத்துக்கே குறிஞ்சி எனப் பெயரிட்டவர் நம் முன்னோர். 2010இல் ஆனைமுடியின் உச்சியிலிருந்து செம்மஞ்சள் நிறத் தவளையொன்று அறிவியலுக்குப் புதிதாக அறிமுகமாயிற்று. பயனற்றது என்று ஒதுக்கப்பட்ட புல்லிடையே அது வாழ்ந்திருந்தது.

இப்புல்வெளி மழையை உறிஞ்சி, மெல்ல மெல்ல ஓடைகளில் விடுகிறது. மேற்கே இறங்கும் நீர் பெரியாற்றைச் சேர்கிறது. கிழக்கே இறங்குவது பாம்பாறு, அமராவதி வழியாகக் காவிரியை அடைகிறது. கொங்கு நாட்டு வயல்களின் ஈரத்தில் இரவிகுளத்துப் புல்லுக்கும் பங்குண்டு. ஒரு நிலத்தைத் தரிசு என்று எழுதுமுன், அதில் யார் வாழ்கிறார் என்று கேட்டறிவது கற்றவர் கடமையாகும்.