சீனப் பாவும் மைசூர் ஊடையும்

படவேடு பக்கம் வந்திருக்கீங்களா? ஆடி வெள்ளிக்கிழமைன்னா ரேணுகாம்பாள் கோயிலுக்கு பஸ்ல நிக்க இடம் கிடைக்காது. மத்த நாள்ல சாதாரண விவசாய ஊர்தான். ஒரு காலத்துல சம்புவராயர்களோட தலைநகரமா இருந்த ஊர்னு சொன்னா வெளியூர்க்காரங்க நம்ப மாட்டாங்க :-)

எங்க குடும்பத்துல பெரியப்பா படவேட்டில் மல்பெரி போட்டு பட்டுப்புழு வளர்த்தவர். மாமா ஆரணியில் தறி போட்டவர். ஊரைத் தொட்டு ஓடும் கமண்டல நதிதான் ஆரணிக்கும் போகிறது. ஒரே ஆற்றுத் தண்ணி, ஒரே தொழில்னு சொல்லலாம். ஆனா இந்த ரெண்டு பேரும் ஒரே செய்தியைக் கேட்டு ஒரே சமயத்துல சந்தோஷப்பட்டதை நான் பார்த்ததே இல்லை. காரணம் சீனா!

சின்ன வயசுல நான் நினைச்சது, ஆரணிப் பட்டுன்னா எல்லாமே ஆரணிதான்னு. ஒருநாள் மாமாகிட்ட "இந்த நூல் எந்த ஊர் மாமா?"ன்னு கேட்டேன். "பாவு சீனா, ஊடை மைசூரு. நெய்யற கைதான்டா ஆரணி. இன்னாடா படிச்ச நீ?"ன்னாரு. அப்போ தலையில் ஏறலை.

விஷயம் இதுதான். பாவு இழைகள் தறியில் எப்பவும் இழுத்துக் கட்டியே கிடக்கும். நாடா ஓடும்போதும் அச்சு அடிக்கும்போதும் அடி முழுக்க அதுக்குத்தான். இழை சீராக இல்லாவிட்டால் அறுந்துகொண்டே இருக்கும். நெசவாளி உட்கார்ந்து முடிச்சு போட வேண்டியதுதான், அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. சீனத்து நூல் வெள்ளைக் கூட்டிலிருந்து தானியங்கி இயந்திரத்தில் எடுத்தது. நீளமான இழை, ஒரே பருமன். நம்ம ஊர்க் கலப்பினக் கூட்டின் நூல் ஊடைக்குப் பிரமாதம், சேலைக்கு உடம்பு கொடுக்கும். பாவுக்கு மட்டும் கொஞ்சம் தடுமாறும். அதனால் ரெண்டு தேசமும் ஒரே சேலையில் குறுக்கும் நெடுக்குமாகச் சந்தித்துக்கொண்டன.

இது புது உறவும் இல்லை. அர்த்தசாஸ்திரத்திலேயே சீனத்துப் பட்டு பற்றிய பேச்சு இருக்கிறது. 1077ல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனாவுக்குப் போனது. தூதுன்னு பேர், உள்ளே நடந்தது வியாபாரம். படவேட்டுப் பக்கம் சம்புவராயர்கள் தலையெடுத்திருந்த 13ஆம் நூற்றாண்டில், 1281ல், சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயிலுக்குக் கல்வெட்டே வைத்திருக்கிறார்கள், தமிழில்!

ஆனா அந்தக் கால வியாபாரத்தில் இல்லாத ஒரு சிக்கல் பின்னாடி வந்தது. நாமளும் பட்டு நூல் உற்பத்தி பண்ண ஆரம்பிச்சோம். திப்பு சுல்தான் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மைசூரில் பட்டுப்புழு வளர்ப்பைக் கொண்டுவந்தார். அது வேர்பிடித்த பிறகு, வெளிநாட்டு நூல் உள்ளூர்க்காரனின் போட்டியாளன் ஆனது. 1930களிலேயே சீன, ஜப்பானிய பட்டு மலிவாக வந்து இறங்குகிறது என்று புகார் எழுந்து, 1934ல் பாதுகாப்பு வரி போட்டார்கள். 1949ல் மத்தியப் பட்டு வாரியம் வந்தது. 2003ல் சீனக் கச்சாப் பட்டுக்கு 'ஆன்ட்டி டம்பிங்' வரி. 2003-04ல் இறக்குமதி 9,000 டன்னைத் தாண்டியிருந்தது என்றால் பார்த்துக்கங்க.

இப்ப எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன். 2011 பட்ஜெட்டில் கச்சாப் பட்டுக்கான சுங்க வரியை 30 சதவீதத்திலிருந்து ஒரேயடியாக 5 ஆக்கினார்கள். ஆரணியில் மாமா வீட்டில் காபி, பலகாரம். நூல் மலியும், பாவு தடையில்லாமல் வரும்னு. படவேட்டில் பெரியப்பா பேசவே இல்லை. அவர் கூட்டை மூட்டை கட்டிக் கொண்டுபோவது ராமநகரம் சந்தைக்கு. அங்கே விலை சரிந்து, விவசாயிகள் ரோட்டில் இறங்கினார்கள். அந்த வருஷமே பெரியப்பா மல்பெரியைப் பிடுங்கிவிட்டு வாழை வைத்தார். 2013ல் வரி 15 ஆனது. பிறகு 10 ஆகி, 2021ல் மறுபடி 15. வாழைத் தோப்பு மட்டும் மல்பெரியாக மாறவில்லை.

சரி, மாமாவாவது ஜெயித்தாரா? அதுவும் இல்லைங்க. அவர் கூலிக்கு நெய்பவர். பாவு, ஊடை, ஜரிகை எல்லாம் முதலாளி கொடுப்பது. நூல் விலை இறங்கினப்போ கூலி ஏறவில்லை. நூல் விலை ஏறினப்போ, "கொஞ்சம் பொறு, அடுத்த பாவு வரட்டும்"னு சொல்லி தறியைச் சும்மா போட வைத்தார்கள். லாபம் வேற இடத்தில் தங்கிவிடும், காத்திருப்பது மட்டும் அவர் பங்கு.

டெல்லியில் ஒரு எண் மாறினால் ஒரே ஆற்றங்கரையில் ஒரு வீட்டில் சிரிப்பு, இன்னொரு வீட்டில் மௌனம். ஆனா வரியை ஏத்தறதா இறக்கறதாங்கறது பாதிக் கேள்விதான்னு எனக்குத் தோணுது. மீதிப் பாதி, பாவுக்குத் தாங்கற நூலை நாமளே எடுக்கறோமாங்கறது. இதுல சுவாரஸ்யம், நமக்குக் கை கொடுத்தது இன்னொரு ஆசிய நாடு. 1991லிருந்து ஜப்பானிய நிபுணர்கள் மைசூர் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து வெள்ளைக் கூடு கட்டும் இருபருவ இனங்களில் வேலை செய்தார்கள். 2022-23ல் நம் நாட்டின் இருபருவப் பட்டு உற்பத்தி சுமார் 8,900 டன். சீன இறக்குமதியும் 2000களில் இருந்ததைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது. சத்தமில்லாமல் நடந்த வேலை, வரியைவிட நின்று பலன் கொடுத்திருக்கிறது.

போன பொங்கலுக்கு ரெண்டு பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். இந்தச் சேதியைச் சொன்னேன். மாமா, "பாவு நல்லா இருந்தா எந்த ஊரா இருந்தா இன்னா"ன்னாரு. பெரியப்பா கொஞ்ச நேரம் தோப்பைப் பார்த்துட்டு, "இது பத்து வருஷம் முன்னாடி வந்திருக்கணும்டா"ன்னாரு.

எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. அடுத்த தடவை பட்டுச் சேலை எடுக்கும்போது விலைச்சீட்டைப் பார்த்துட்டு, அந்தப் பாவையும் ஒரு தடவை தடவிப் பாருங்க.